ராஸ் ஃப்ரீமன்

ராஸ் ஃப்ரீமன் (ஜூலை 26, 1948 – அக்டோபர் 22, 1989) ஓர் அமெரிக்க மின்னணுப் பொறியாளர், எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் களநிரல்தகு படலை அணியைக் கண்டுபிடித்தவர். சைலிங்க்ஸ் நிறுவனத்தை நிறுவிய மூவரில் ஒருவர். தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின்பும் பயனரே தன் விருப்பப்படி உள்சுற்றை மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு என்பது இவருடைய எண்ணமாகும். இன்று பிணையத் திசைவிகள், தொலைத்தொடர்புக் கருவிகள், மருத்துவப் படிமக் கருவிகள், தரவு மையங்கள் எனப் பல இடங்களில் இவ்வகைச் சில்லுகள் பயன்படுகின்றன. லினக்ஸ் கணினி ஒன்றில் பலகையைச் செருகி, சொந்தமாக ஒரு திசைவியை வடிவமைத்துப் பார்க்க மாணவர்களுக்கு இயன்றதும் இக்கண்டுபிடிப்பின் வழியாகவே ஆகும். தன் சில்லுக்கான காப்புரிமை வழங்கப்பட்ட 26 நாட்களில், 41ஆம் அகவையில் ஃப்ரீமன் காலமானார்.

கல்வியும் தொடக்கக் காலப் பணியும்

ஃப்ரீமன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1969இல் இளநிலைப் பட்டமும், இலினொய் பல்கலைக்கழகத்தில் 1971இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் டெலிடைப் நிறுவனத்தில் தொகுசுற்று வடிவமைப்புப் பணியில் ஈடுபட்டார்.

டெலிடைப் நிறுவனம் தொலைதட்டச்சுப் பொறிகளுக்குப் பெயர் பெற்றது. இப்பொறிகள் முற்காலக் கணினிகளுக்கு முனையங்களாகவும் பயன்பட்டன. யுனிக்ஸ் இயங்குதளத்திலும் அதன் வழியில் வந்த லினக்ஸிலும் முனையங்களைக் குறிக்கும் டி.டி.ஒய். என்னும் பெயர் தொலைதட்டச்சு என்பதன் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததேயாகும்.

ஜைலாக் நிறுவனத்தில்

டெலிடைப்பிலிருந்து ஃப்ரீமன் கலிபோர்னியாவில் இருந்த ஜைலாக் நிறுவனத்திற்குச் சென்றார். இந்நிறுவனத்தை 1974இல் ஃபெடரிகோ ஃபாஜின், ரால்ஃப் அங்கர்மன் ஆகியோர் தொடங்கினர். இன்டெல் 4004 நுண்செயலியின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றியவர் ஃபாஜின். எக்சான் எண்ணெய் நிறுவனம் ஜைலாக்கில் முதலீடு செய்திருந்தது. 1976இல் வெளிவந்த இசட்80 நுண்செயலி ஜைலாக்கிற்குப் பெரும் புகழைத் தந்தது.

நுண்செயலி தனியே இயங்காது. வெளிக்கருவிகளோடு தரவைப் பரிமாறத் துணைச் சில்லுகள் வேண்டும். அவற்றுள் ஒன்றான இசட்80 எஸ்.ஐ.ஓ. சில்லின் உருவாக்கத்தில் ஃப்ரீமன் பங்கேற்றார். இது இரண்டு தொடர்நிலைத் தகவல்தொடர்புத் தடங்களைக் கொண்டது. ஒரே சில்லு பல்வேறு தொடர்பு நெறிமுறைகளுக்குப் பயன்படும் வகையில், அதன் பதிவகங்களில் எழுதப்படும் மதிப்புகளைக் கொண்டு அதன் நடத்தையை மாற்ற இயலும். பின்னர் ஃப்ரீமன் ஜைலாக்கின் சில்லுப் பிரிவில் பொறியியல் இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார்.

அக்காலச் சூழல்

1980களின் தொடக்கத்தில் ஒரு புதிய மின்னணுக் கருவியை உருவாக்க விரும்பிய பொறியாளருக்கு மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, சந்தையில் கிடைக்கும் சிறு சில்லுகளைப் பலகையில் டசன் கணக்கில் அடுக்கிக் கம்பித் தடங்களால் இணைப்பது. இது எளிது, ஆனால் பலகை பெரிதாகும், மின்செலவும் கூடும். இரண்டாவது, தனக்கென்றே ஒரு சில்லைத் தொழிற்சாலையில் செய்விப்பது. இதற்குப் பெரும் பணமும் பல மாதங்களும் தேவைப்பட்டன. வடிவமைப்பில் ஒரு பிழை இருந்தாலும் செய்த சில்லுகள் வீணாகும். மறுபடியும் பணம், மறுபடியும் காத்திருப்பு. மூன்றாவது, 1978இல் மோனோலித்திக் மெமரீஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய பி.ஏ.எல். போன்ற நிரல்தகு சில்லுகளைப் பயன்படுத்துவது. இவற்றில் உள்ள நுண் உருகிகளை எரித்துச் சுற்றை அமைக்க வேண்டும். எரித்த உருகியை மீட்க முடியாது. மேலும் இவை சிறிய சுற்றுகளுக்கே போதுமானவை.

பெரும் எண்ணிக்கையில் விற்கும் கருவிகளுக்கு இரண்டாம் வழி கட்டுபடியானது. சில நூறு கருவிகளே விற்கக்கூடிய சிறு நிறுவனத்திற்கோ பல்கலைக்கழக ஆய்வகத்திற்கோ அது எட்டாத ஒன்றாக இருந்தது.

எண்ணமும் மறுப்பும்

வெற்று ஒலிநாடாவில் வாங்கியவர் தாம் விரும்பிய பாட்டைப் பதிந்துகொள்வதைப் போல, வாங்கிய பொறியாளரே தாம் விரும்பிய சுற்றைப் பதிந்துகொள்ளும் வெற்றுச் சில்லு ஒன்று வேண்டும் என்பது ஃப்ரீமனின் எண்ணம். வழக்கமான சில்லைக் கல்வெட்டுக்கு ஒப்பிட்டால், இதனைப் பள்ளிச் சிலேட்டுக்கு ஒப்பிடலாம். கல்வெட்டில் எழுத்துப் பிழை நேர்ந்தால் வேறு கல் தேட வேண்டும். சிலேட்டில் அழித்து எழுதலாம்.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. சுற்றை மாற்றத்தக்கதாக வைத்திருக்க, உண்மையில் கணக்கிடும் டிரான்சிஸ்டர்களைக் காட்டிலும் பன்மடங்கு டிரான்சிஸ்டர்கள் அமைப்பை நினைவில் வைத்திருக்கவும் இணைப்புகளைத் தெரிவு செய்யவுமே செலவாகும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் சிக்கனமாகப் பயன்படுத்துவதே நல்ல வடிவமைப்பின் அடையாளம் என்று அன்றைய பொறியாளர்கள் பயின்றிருந்தனர். ஆகவே அவர்களுக்கு இது வீண் செலவாகவே தோன்றியது.

ஃப்ரீமன் வேறு கணக்குப் போட்டார். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை சீரான கால இடைவெளியில் இரட்டிப்பாகி வருவதை கார்டன் மூர் 1965இல் சுட்டிக் காட்டியிருந்தார். அப்போக்கு தொடர்ந்தால் டிரான்சிஸ்டரின் விலை ஏறத்தாழ ஒன்றுமில்லாததாகிவிடும். பொறியாளரின் நேரமும் தொழிற்சாலைக்குக் காத்திருக்கும் மாதங்களுமே அரிய பொருளாக எஞ்சும். மலிவாகப் போகும் பொருளைத் தாராளமாகச் செலவழித்து, அரிய பொருளைச் சேமிப்பதே அறிவுடைமை என்பது அவர் முடிவு.

இவ்வெண்ணத்தில் முதலீடு செய்யுமாறு அவர் ஜைலாக்கிடம் கேட்டார். இதற்கான சந்தை 10 கோடி டாலர் அளவினது என அப்போது மதிப்பிடப்பட்டது. ஜைலாக் இதற்கு இணங்கவில்லை. பொதுவான சில்லுகளைப் பெருமளவில் செய்து விற்பதே அன்று கூடுதல் ஆதாயம் தந்தது என்பதால் அம்மறுப்பு அக்காலத்து நடைமுறைக்கு ஒத்ததே ஆகும்.

சைலிங்க்ஸ் நிறுவனம்

ஃப்ரீமனும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் பார்னெட்டும் ஜைலாக்கை விட்டு வெளியேறி, பெர்னார்ட் வாண்டர்ஷ்மிட் என்பாருடன் சேர்ந்தனர். வாண்டர்ஷ்மிட் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பின் ஜைலாக்கிற்கு வந்தவர். நிர்வாக அனுபவம் மிக்கவர். மூவரும் 45 இலட்சம் டாலர் துணிகர முதலீடு திரட்டி, 1984இல் கலிபோர்னியாவின் சான் ஓசேயில் சைலிங்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆங்கிலத்தில் இப்பெயரின் இரு முனைகளிலும் உள்ள எக்ஸ் எழுத்துகள் ஏரணக் கட்டங்களையும், நடுப்பகுதி அவற்றை இணைக்கும் இணைப்புகளையும் குறிக்கின்றன.

சொந்தமாகத் தொழிற்சாலை வைத்துக்கொள்வதில்லை என்பது இந்நிறுவனத்தின் இன்னொரு முடிவாகும். சில்லுத் தொழிற்சாலை கட்டப் பெருமுதல் தேவை. சைலிங்க்ஸ் வடிவமைப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, உற்பத்தியை ஜப்பானின் செய்கோவிடம் ஒப்படைத்தது. வாண்டர்ஷ்மிட் வலியுறுத்திய இம்முறை அன்று அரிதானது. பின்னாளில் சில்லு வடிவமைக்கும் நிறுவனங்கள் பல இவ்வழியைப் பின்பற்றின.

முதல் சில்லு

சில்லின் விரிவான வடிவமைப்பை 1984இல் எட்டாவது பணியாளராகச் சேர்ந்த பில் கார்ட்டர் ஏற்றார். 1985 நவம்பரில் எக்ஸ்.சி.2064 என்னும் பெயரில் அது அறிமுகமானது. வணிக நோக்கில் வெற்றி பெற்ற முதல் எஃப்.பி.ஜி.ஏ. இதுவே.

அதன் உள்ளே 64 ஏரணக் கட்டங்கள் 8 வரிசை, 8 நிரல் எனச் சதுரங்கப் பலகை போல அமைந்திருந்தன. ஓரங்களில் 58 உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 85,000 டிரான்சிஸ்டர்கள். ஆயினும் பயனருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,000 ஏரணப் படலைகளுக்கு ஈடான சுற்று மட்டுமே. எதிர்ப்பாளர்கள் கூறிய வீண் செலவு இவ்விரு எண்களிலும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஃப்ரீமன் அதை அறிந்தே ஏற்றிருந்தார்.

சில்லுடன், அதற்கான சுற்றை வரைந்து பதிவதற்குத் தனியாள் கணினியில் இயங்கும் மென்பொருளையும் நிறுவனம் வழங்கியது. காலியான சில்லால் மட்டும் பயனில்லை. அதை நிரப்பும் கருவியும் வேண்டும் என்பதால் மென்பொருளும் தொடக்கம் முதலே இத்தொழிலின் பகுதியாயிற்று.

செயற்படும் முறை

படலை என்பது வேலியில் உள்ள சிறு கதவைக் குறிக்கும் சொல். மின்னணுவியலில், உள்ளே வரும் 0, 1 ஆகிய குறிகைகளைப் பொறுத்து வெளியே 0 அல்லது 1 தரும் சுற்றுக்கு ஏரணப் படலை என்று பெயர். ஃப்ரீமனின் சில்லில் ஏரணப் படலைகள் நேரடியாகப் பதிக்கப்படவில்லை. அவற்றின் இடத்தில் மூன்று உறுப்புகள் உள்ளன.

முதலாவது தேடல் அட்டவணை. நான்கு உள்ளீடுகள் இருந்தால் அவை சேரக்கூடிய வகைகள் 16. ஒவ்வொரு வகைக்கும் விடை என்ன என்பதை 16 நினைவகப் பிட்டுகளில் எழுதி வைத்துவிட்டால், கணக்கிட வேண்டிய தேவையே இல்லை. உள்ளீட்டைக் கொண்டு விடையைத் தேடி எடுத்தால் போதும். எடுத்துக்காட்டாக, நான்கு உள்ளீடுகளும் 1 ஆக இருந்தால் மட்டுமே விடை 1 வர வேண்டுமானால், கடைசிப் பிட்டில் 1, மற்ற 15 பிட்டுகளில் 0 என எழுத வேண்டும். பிட்டுகளை மாற்றினால் அதே இடம் வேறு படலையாகிவிடும்.

இரண்டாவது, கிடைத்த விடையை அடுத்த கடிகாரத் துடிப்பு வரை பிடித்து வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப். மூன்றாவது, கட்டங்களுக்கு இடையே ஓடும் கம்பித் தடங்களும் அவற்றின் சந்திகளில் உள்ள நிலைமாற்றிகளும். ஒவ்வொரு நிலைமாற்றியும் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்பதையும் நினைவகப் பிட்டுகளே தீர்மானிக்கின்றன.

இப்பிட்டுகள் அனைத்தும் சேர்ந்த தொடருக்குப் பிட்டோடை என்று பெயர். எக்ஸ்.சி.2064இன் பிட்டோடை ஏறத்தாழ 12,000 பிட்டுகள் கொண்டது. மின்சாரம் நின்றால் சில்லு அனைத்தையும் மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வெளி நினைவகத்திலிருந்தோ கணினியிலிருந்தோ பிட்டோடையை மீண்டும் ஏற்ற வேண்டும். முதலில் குறைபாடாகக் கருதப்பட்ட இம்மறதியே வரம்பற்ற முறை திருத்தும் வசதியைத் தந்தது.

காப்புரிமையும் மறைவும்

1987இன் இறுதியில் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 1.4 கோடி டாலரை எட்டியிருந்தது. அதே ஆண்டில் இரண்டாம் தலைமுறையான எக்ஸ்.சி.3000 வரிசையும் வெளிவந்தது.

மாற்றத்தக்க ஏரண உறுப்புகளையும் மாற்றத்தக்க இணைப்புகளையும் கொண்ட மின்சுற்றுக்காக ஃப்ரீமன் பெயரில் 4,870,302 என்னும் எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை 1989 செப்டம்பர் 26 அன்று வழங்கப்பட்டது. இத்துறையின் அடிப்படைக் காப்புரிமையாக இது கருதப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று ஃப்ரீமன் காலமானார். நிறுவனம் தொடங்கி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. டிரான்சிஸ்டர் மலிவாகும் என்று அவர் போட்ட கணக்கு எவ்வளவு சரி என்பதற்கான முழுச் சான்றும் அவர் மறைவுக்குப் பின்னரே கிடைத்தது.

மறைவுக்குப் பின்

வாண்டர்ஷ்மிட் 1996 வரை நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக இருந்தார். 1998இல் விர்ட்டெக்ஸ் வரிசை அறிமுகமானது. 2002இல் வெளிவந்த விர்ட்டெக்ஸ்-2 புரோ சில்லில் நுண்செயலியும் அதிவேகத் தொடர்நிலைத் தொடர்புச் சுற்றுகளும் சேர்க்கப்பட்டன. 2011இல் அறிவிக்கப்பட்ட சிங்க் வரிசையில், ஏ.ஆர்.எம். செயலிகளும் நிரல்தகு பகுதியும் ஒரே சில்லில் அமைந்தன. அச்சில்லிலேயே லினக்ஸ் இயங்குதளத்தை இயக்க முடிந்தது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஒரு சைலிங்க்ஸ் சில்லில் 3,500 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இது முதல் சில்லில் இருந்ததைப் போல் ஏறத்தாழ நான்கு இலட்சம் மடங்காகும்.

பி.ஏ.எல். சில்லுகளைச் செய்த மோனோலித்திக் மெமரீஸ் நிறுவனம் சைலிங்க்ஸிற்குத் தொடக்கத்தில் நிதி அளித்திருந்தது. அந்நிறுவனத்தை 1987இல் ஏ.எம்.டி. வாங்கியது. 35 ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில் சைலிங்க்ஸும் ஏ.எம்.டி.யின் உடைமையாயிற்று.

பிணைய வன்பொருளும் லினக்ஸ் கணினியும்

ஃப்ரீமனின் கண்டுபிடிப்பு மிகுதியாகப் பயன்பட்ட துறைகளுள் கணினிப் பிணையமும் ஒன்று. பிணைய நெறிமுறைகள் அடிக்கடி திருத்தப்படுபவை. கருவி விற்ற பின்பும் அதன் சுற்றைத் திருத்தும் வசதி இத்துறைக்குப் பொருந்தியது. பொட்டலம் ஒவ்வொன்றும் வரும் வேகத்திலேயே அதை ஆராய்ந்து அனுப்ப மென்பொருளைவிட வன்பொருளே ஏற்றது என்பதும் மற்றொரு காரணம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் மெக்கியோன் குழுவினர் மாணவர்களுக்காக உருவாக்கிய நெட்எஃப்.பி.ஜி.ஏ. திட்டமாகும். அதன் ஒரு கிகாபிட்டுப் பலகையில் விர்ட்டெக்ஸ்-2 புரோ சில்லும் நான்கு ஈத்தர்நெட் முனைகளும் இருந்தன. அப்பலகையைக் கொண்டு பணியாற்ற ஒரு லினக்ஸ் கணினி பின்வரும் படிகளில் ஆயத்தம் செய்யப்பட்டது.

முதலில், பலகை கணினியின் பி.சி.ஐ. செருகுவாயில் பொருத்தப்படும். திட்டத்தினர் சோதித்துப் பார்த்த வழங்கலான சென்ட்.ஓ.எஸ். நிறுவப்படும். விர்ட்டெக்ஸ்-2 புரோவைப் பிந்தைய பதிப்புகள் ஆதரிக்காததால், சைலிங்க்ஸின் ஐ.எஸ்.இ. மென்பொருளில் அதற்கேற்ற பழைய பதிப்பே வேண்டும். எனவே பலகை, மென்பொருள், இயங்குதளம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தெரிவு செய்வதே முதன்மையான படியாகும்.

அடுத்து, பலகைக்கான இயக்கி நிரல் தொகுக்கப்படும். இது லினக்ஸ் கருவின் உட்பகுதியாக இயங்குவதால், நிறுவப்பட்டுள்ள கருவின் பதிப்பும் தொகுக்கப் பயன்படும் தலைப்புக் கோப்புகளின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கரு தானாக இற்றைப்படுத்தப்பட்டால் இயக்கி வேலை செய்யாது. மீண்டும் தொகுக்க வேண்டும். இயக்கி சரியாக ஏறினால், பலகையின் நான்கு முனைகளும் சாதாரணப் பிணைய இடைமுகங்களைப் போல லினக்ஸில் தோன்றும்.

பின்னர் மாணவர் வெரிலாக் மொழியில் சுற்றை விவரித்து, பாவனையாக்கத்தில் சோதித்து, பிட்டோடையாக மாற்றி, பி.சி.ஐ. வழியாகச் சில்லில் ஏற்றுவார். பி.சி.ஐ. தொடர்பைக் கவனிக்கத் தனிச் சில்லு பலகையில் இருந்ததால், கணினியை நிறுத்தாமலேயே சுற்றை மாற்ற முடிந்தது. மாதிரித் திசைவித் திட்டத்தில், லினக்ஸின் வழிச்செலுத்தல் அட்டவணையை ஒரு நிரல் வன்பொருளுக்குப் படியெடுத்துக் கொடுக்கும். பொட்டலங்களை வன்பொருளே திருப்பி அனுப்பும். தனிச்சில்லு செய்விக்கப் பெருந்தொகை தேவைப்பட்ட ஒரு வேலையை ஒரு வகுப்பறை மாணவர் ஒரே பருவத்தில் செய்து பார்க்க இதனால் வழி ஏற்பட்டது. ஓப்பன்ஃபுளோ என்னும் பிணையக் கட்டுப்பாட்டு முறையும் தொடக்கக் காலத்தில் இப்பலகையில் செயற்படுத்திக் காட்டப்பட்டது.

குறைகள்

ஒரே வேலைக்கெனச் செய்த சில்லோடு ஒப்பிடுகையில் எஃப்.பி.ஜி.ஏ. வேகம் குறைந்தது, மின்செலவு மிக்கது, ஒரு சில்லின் விலையும் கூடுதலானது. ஆகவே இலட்சக் கணக்கில் விற்கும் கருவிகளுக்குத் தனிச்சில்லே இன்றும் ஆதாயமானது. பெரிய சுற்றுகளைப் பிட்டோடையாக மாற்றப் பல மணி நேரம் ஆவதும் உண்டு.

பிட்டோடையின் உள்ளமைப்பை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. இதனால் பயனர்கள் அந்நிறுவனங்களின் மூடிய மென்பொருளையே சார்ந்திருக்க வேண்டியிருந்தது. 2015இல் ஐஸ்ஸ்டார்ம் திட்டத்தினர் லாட்டிஸ் நிறுவனத்தின் ஒரு சிறிய சில்லு வரிசையின் பிட்டோடையை ஆராய்ந்து வெளிப்படுத்தினர். அதன் பின்னர் லினக்ஸில் முற்றிலும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே அவ்வரிசைக்குச் சுற்று அமைக்க முடிந்தது.

சிறப்புகள்

சைலிங்க்ஸ் நிறுவனம் தன் பொறியாளர்களின் புதுமைகளைப் பாராட்ட ராஸ் ஃப்ரீமன் பெயரில் விருது ஒன்றை ஏற்படுத்தியது. 2009இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழவையில், கார்டன் மூர் சேர்க்கப்பட்ட அதே ஆண்டில், ஃப்ரீமனின் பெயரும் சேர்க்கப்பட்டது. மூர் சுட்டிக் காட்டிய போக்கை நம்பித் தன் பணியைத் துறந்தவர் ஃப்ரீமன். அவர் மறைந்து அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.